அப்பாவுக்கு ஒசூர் ஸ்பாவா, ஒகேனக்கல் எண்ணெய்க் குளியலா?

கேள்வி கேட்டவர் காவேரிப்பட்டினம் பக்கம். அப்பாவுக்கு 74 வயது, மாந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர். இரண்டு முழங்காலிலும் வலி. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், ராத்திரி தூக்கம் சரியில்லை. அம்மா போனதிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. ஒசூரில் ஒரு ஸ்பாவில் வயதானவர்களுக்கென்றே பத்து நாள் 'மினரல் குளியல்' பேக்கேஜ் இருக்கிறதாம். மாமாவோ, "அதெல்லாம் எதுக்கு, ஒகேனக்கல்லில் ஒரு எண்ணெய்க் குளியல் போட்டால் போதும்" என்கிறாராம். இதிலெல்லாம் உண்மையில் பலன் இருக்கிறதா, எதற்கு அழைத்துப் போவது என்று கேட்டிருக்கிறார்.

நான் தருமபுரியில் இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி செய்கிறேன். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று வரும் பெரியவர்கள் குளியலைப் பற்றிக் கேட்காத வாரம் கிடையாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். பலன் இருக்கிறது. ஆனால் பேக்கேஜ் விளம்பரத்தில் எதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்களோ, அதனால் வரும் பலன் குறைவு.

முதலில் தண்ணீர் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்போம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால்மேல் இறங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்குதான். 60 கிலோ ஆளின் முழங்கால் அங்கே 20 கிலோ சுமந்தால் போதும். தரையில் நாலு அடி வைக்கவே முகம் சுளிக்கிறவர் தண்ணீருக்குள் தாராளமாக நடப்பார். அடுத்தது சூடு. வெதுவெதுப்பான நீர் பட்டதும் தோலை ஒட்டிய ரத்தக் குழாய்கள் விரியும், இறுகிக் கிடக்கும் தசை தளரும், வலி கொஞ்ச நேரம் பின்வாங்கும். மூன்றாவது, நீரின் அழுத்தம். கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தால் கால் பக்கம் தேங்கியிருக்கும் ரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படும். காலில் வீக்கம் இருப்பவர்களுக்கு இது சுகமாக இருக்கும். ஆனால் இதயம் பலவீனமாக இருப்பவர்களுக்கு இதே விஷயம்தான் ஆபத்து.

மூன்றையும் சொன்ன பிறகு ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். நம் வீட்டுக் குளியலில் பக்கெட்டில் மொண்டு ஊற்றுகிறோம். அதில் மிதப்பும் கிடையாது, அழுத்தமும் கிடையாது, சூடு மட்டும்தான் மிச்சம். வெளிநாட்டில் தொட்டியில் அமிழ்ந்து உட்கார்ந்தவர்களிடம் கண்ட பலனை அப்படியே நம் பக்கெட்டுக்கும் எழுதிக்கொள்ள முடியாது.

அந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? பிரான்சில் மருத்துவர் சீட்டு எழுதினால் மூன்று வாரத்தில் 18 நாள் வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்குப் போகலாம். செலவில் ஒரு பகுதியை அரசுக் காப்பீடு ஏற்கும். அங்கே முழங்கால் தேய்மானம் உள்ள 462 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2010-ல் வெளிவந்தது. இரண்டு குழுவுக்கும் வீட்டில் செய்யும் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக 18 நாள் குளியல் சிகிச்சை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குளியல் குழுவில் நூற்றுக்கு 51 பேருக்குக் குறிப்பிடும்படி குணம் தெரிந்தது. மற்ற குழுவில் 36 பேருக்கு. வித்தியாசம் உண்மைதான். ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். குளிக்காமல் வீட்டில் பயிற்சி மட்டும் செய்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் குணம் தெரிந்திருக்கிறது. குளித்தவர்களில் பாதிப் பேருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. மாத்திரை ஆய்வில் வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். வெந்நீரில் உட்கார்ந்திருப்பவரிடம் 'நீங்கள் உட்கார்ந்திருப்பது வெந்நீர் இல்லை' என்று எப்படிச் சொல்வது? ஊற்று இருக்கும் ஊருக்குப் போகிறவர் சமையல் கவலை இல்லாமல் சாப்பிடுகிறார், காலையில் நடக்கிறார், தன்னைப் போலவே முழங்கால் வலிக்காரர்கள் நாலு பேரோடு கதை பேசுகிறார். குணத்தில் எது தண்ணீரின் பங்கு, எது கதையின் பங்கு என்று பிரிப்பது கஷ்டம். ஹங்கேரியின் புடாபெஸ்டில் பெரியவர்கள் வெந்நீர்க் குளத்தில் மார்பளவு தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடுவார்கள், படத்தில் பார்த்திருப்பீர்கள். என்னைக் கேட்டால் அந்தச் சதுரங்கப் பலகைக்கும் பாதி மார்க் போடுவேன்.

மினரலுக்கு வருவோம். கந்தகம், மக்னீசியம் கலந்த இயற்கை ஊற்று நீரையும் சாதாரண வெந்நீரையும் ஒப்பிட்ட சில சின்ன ஆய்வுகளில் ஊற்று நீர்ப் பக்கம் கொஞ்சம் கூடுதல் பலன் தெரிந்ததுண்டு. உறுதியாகச் சொல்ல அது போதாது. தவிர, மணிகரண், ராஜ்கிர், வஜ்ரேஸ்வரி மாதிரி வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன இடங்கள் எல்லாம் வடக்கே இருக்கின்றன. ஒசூரில் 'மினரல் குளியல்' என்றால், பெரும்பாலும் குழாய்த் தண்ணீரைச் சூடாக்கி உப்பைக் கரைத்ததாகத்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அந்த உப்புக்காகப் பத்து நாள் காசு கட்டாதீர்கள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்று நம் இரண்டு மாவட்டக்காரர்கள் 'தண்ணீரில் மினரல்' என்றதும் மயங்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நம் பாறைக்குள் இருந்து போர் தண்ணீரில் கரைந்து வரும் மினரல், ஃபுளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்து, பல்லில் பழுப்புக் கோடு விழுந்து, முதுகும் கழுத்தும் கட்டை மாதிரி இறுகிப்போனவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தலையை மட்டும் திருப்ப முடியாமல், கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் திறக்கப்பட்டதற்கு இதுதான் முக்கியக் காரணம். உங்கள் அப்பா தோட்டத்தில் போர் தண்ணீரே குடித்து வளர்ந்தவர் என்றால், 'வயசு வாதம்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் இதையும் சொல்லுங்கள். அப்படி இறுகிய மூட்டை எந்தக் குளியலும் இளக்காது, வலியைக் கொஞ்சம் மறக்கடிக்கும், அவ்வளவுதான். சிலர், "அந்தத் தண்ணியில குளிச்சா?" என்றும் கேட்பார்கள். குளிப்பதால் பயமில்லை, ஃபுளோரைடு தோல் வழியாக உள்ளே போவது மிக மிகக் குறைவு. குடிக்கவும் சமைக்கவும்தான் கூடாது.

தூக்கத்துக்கு வெந்நீர் உதவுமா என்றால், இங்கே ஆதாரம் கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2019-ல் வந்த ஒரு அலசலில், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால், 40 முதல் 42.5 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தாலே, சராசரியாகப் பத்து நிமிடம் சீக்கிரம் தூக்கம் வந்தது. வெந்நீர் உடம்பைச் சூடாக்குவதால் தூக்கம் வருகிறது என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. கை, கால் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விடுகின்றன, உள்சூடு இறங்குகிறது, அந்த இறக்கம்தான் தூக்கத்தைக் கூப்பிடுகிறது. அதனால்தான் படுக்கப்போகும் நிமிடத்தில் குளித்தால் வேலை செய்யாது. ஜப்பானின் பெப்பு நகரத்தில் 65 வயதைத் தாண்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் கேட்டு எடுத்த கணக்கிலும், ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு ஊற்றுக் குளியல் பழக்கம் உள்ளவர்களிடம் ரத்தக் கொதிப்பு குறைவாக இருந்தது. குளித்ததால் குறைந்ததா, தெம்பாக இருப்பவர்கள்தான் குளிக்கப் போகிறார்களா என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

அதே ஜப்பானில்தான் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் குளியல் தொட்டியிலேயே உயிரை விடுகிறார்கள், அதிலும் குளிர்காலத்தில் அதிகம். குளிர்ந்த அறையில் சட்டையைக் கழற்றும்போது பிரஷர் எகிறும், சூட்டில் இறங்கியதும் சரியும், எழுந்து நின்றதும் இன்னும் சரியும். அந்த நாட்டு அரசே தண்ணீர் 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உடை மாற்றும் இடத்தையும் சூடாக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். எங்கள் பெரியப்பா வீடு தேன்கனிக்கோட்டைப் பக்கம். அங்கே மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். குளியலறை புறக்கடையில், மேலே ஓடு, கதவு பாதிக்குத்தான். முதுகு பிடித்திருக்கிறது என்றார். நான்தான் வல்லுநர் ஆயிற்றே! அண்டாவில் நொச்சித்தழை போட்டுக் கொதிக்கவிட்டு, விளாவி, நன்றாகச் சூடாகவே இருபது நிமிடம் ஊற்றினேன். "போதும்டா" என்று அவர் சொன்னபோதுகூட இன்னும் நாலு செம்பு ஊற்றினேன். அரை மணி நேரம் முன்பு பிரஷர் மாத்திரை போட்டிருந்தார், நான் கேட்கவில்லை. துண்டை எடுக்க மணையிலிருந்து எழுந்தவர் கதவைப் பிடிக்கப் போய், அது ஆடிக்கொடுக்க, அப்படியே சரிந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் குளியலறைக் கதவைத்தான் பார்க்கிறேன்.

ஆகவே வீட்டில் செய்வது இப்படி இருக்கட்டும். சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால். மாத்திரை போட்ட கையோடு வேண்டாம். பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதற்கு மேல் வெந்நீர் ஊற்றி விளாவுங்கள். மாற்றிச் செய்தால் என்றைக்காவது ஒருநாள் அவசரத்தில் கொதிநீரே மேலே விழும். சூடு 38 முதல் 40 டிகிரி, அதாவது முழங்கையை விட்டுப் பார்த்தால் 'இதமாக இருக்கிறது' என்று தோன்ற வேண்டும், 'சுடுகிறது' என்று அல்ல. பார்ப்பது உங்கள் முழங்கையாக இருக்கட்டும், அப்பாவின் கால் வேண்டாம். நெடுநாள் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கும், கொப்புளம் வந்த பிறகுதான் சூடு தெரியும். குட்டை மணையை எடுத்துவிட்டு, கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலி போடுங்கள். கால்கள் நழுவாத ரப்பர் புஷ் உள்ளதாகப் பாருங்கள். சுவரில் ஒரு கம்பி அடியுங்கள், டவல் மாட்டுகிற கம்பி இல்லை, ஆள் தொங்கினாலும் பெயராத கம்பி. தாழ்ப்பாள் போடக் கூடாது. காலில் ஆரம்பித்து மேலே ஊற்றட்டும். முடிந்ததும் உட்கார்ந்தபடியே துவட்டி, இரண்டு நிமிடம் கழித்து எழுந்திருக்கட்டும். குளிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரு டம்ளர் தண்ணீர்.

நாற்காலியில் உட்கார்ந்து கொண்டே முழங்காலை நீட்டி, பத்து எண்ணி, மடக்கச் சொல்லுங்கள். வெந்நீர் பட்டுத் தளர்ந்திருக்கும் அந்த நேரம் பயிற்சிக்குத் தங்கமான நேரம். வெறும் குளியலைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். தண்ணீருக்குள் செய்யும் உடற்பயிற்சி இடுப்பு, முழங்கால் தேய்மான வலியைச் சிறிதளவாவது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் அதற்கேற்ற வெந்நீர்க் குளத்துக்கு நம் ஊரில் எங்கே போவது? கிணற்றில் இறங்கி நிற்கலாமா என்று ஒருவர் கேட்டார். இந்த வயதில் அந்தப் படிக்கட்டும் வேண்டாம், அந்தக் குளிர்ச்சியும் வேண்டாம்.

ராத்திரிக்குக் கால் குளியல் மட்டுமே போதும் என்பேன். கணுக்காலுக்கு மேலே வரும்படி ஒரு டப்பில் வெதுவெதுப்பான நீர், பத்துப் பதினைந்து நிமிடம். டிவிக்கு முன்னால் உட்கார்ந்தே செய்யலாம். பாதத்தில் புண் இருந்தால் வேண்டாம். எடுத்ததும் விரல் இடுக்கில் ஈரம் இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் பழக்கம் இருந்தால் நிறுத்தத் தேவையில்லை. வயதானவர்களின் வறண்ட தோலுக்கு நல்லெண்ணெய் நல்லது, சோப்பைவிட அரப்பு மேல். ஆனால் எண்ணெய் ஒழுகிய சிமெண்டுத் தரை, மழைக்காலத்துப் பாசிப் பாறை மாதிரி. ஒருவர் குளித்து முடித்ததும் அதே அரப்பைத் தரையிலும் போட்டுத் தேய்த்து அலசிவிட்டுத்தான் அடுத்தவர் உள்ளே போகவேண்டும். என்னிடம் வரும் இடுப்பு முறிவுக் கதைகளில் 'எண்ணெய் தேய்த்த அன்னைக்கு' என்று ஆரம்பிப்பவை ஒன்றிரண்டு இல்லை.

ஒசூர் ஸ்பாவுக்கே போவதென்றால், கேட்கவேண்டியது மூன்று விஷயம். தண்ணீரின் சூட்டை அளந்து எழுதி வைக்கிறார்களா? உள்ளே இறங்கி ஏறக் கைப்பிடியும், கூடவே ஓர் ஆளும் இருக்கிறார்களா? நுரை கிளப்பும் ஜக்குஸி தொட்டியில் குளோரின் சரியாகப் போடுகிறார்களா? சரியாகப் பராமரிக்காத வெதுவெதுப்பான தொட்டியில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். அந்த நீராவித் துளியைச் சுவாசித்தால் நிமோனியா வரும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல். நீராவி அறையை நான் உங்கள் அப்பாவுக்குச் சொல்லமாட்டேன். பிரஷர் மாத்திரையும் அந்தப் புழுக்கமும் ஒத்துப்போகாது.

இனி ஒகேனக்கல். மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் இல்லை. அருவித் தண்ணீர் வெந்நீர் இல்லை, சில்லென்று இருக்கும். திடீரென்று குளிர்ந்த நீர் தலையில் கொட்டினால் பிரஷர் ஒரே எகிறாக எகிறும், அந்த வேகம் கழுத்துக்கும் ஆகாது. எனவே அருவிக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள். ஓரத்தில் உட்காரவைத்து, கால், கை, தோள் என்று மொண்டு ஊற்றுங்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள், முதுகில் எங்கே முடிச்சு இருக்கிறது என்று விரல் வைத்ததும் கண்டுபிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் கைப்பழக்கம் இளவட்டத்துக்கானது. ஆரம்பிக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணா, தோள், முதுகு, ஆடுசதை மட்டும் நீவி விடுங்க. தட்ட வேண்டாம், கழுத்துல சொடக்கு எடுக்கவே கூடாது." சொல்லாவிட்டால் கடைசியில் தாடையைப் பிடித்து ஒரு திருப்பு திருப்பத்தான் செய்வார்கள். எலும்பு மெலிந்த வயதில் அது விளையாட்டு இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அழுத்தமான மசாஜே வேண்டாம். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம் இருந்தால் அந்தக் காலைத் தொடவிடக் கூடாது. காவிரியில் நீர்வரத்து கூடினால் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

முழங்காலுக்குப் பத்து நாள் பேக்கேஜை நம்புவதைவிட, அரசு மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் ஒருமுறை காட்டிப் பயிற்சி கற்றுக்கொள்வது மேல். அப்பாவால் அலைய முடியாது என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்ய ஏற்பாடு உண்டு. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

பேச்சு குறைந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு உங்கள் கேள்வியிலேயே பெரிய விஷயம் அதுதான். அம்மா இருந்தவரை முதுகு தேய்க்கவும், தண்ணீர் சுடவைக்கவும், 'இன்னும் என்ன பண்றீங்க உள்ள?' என்று குரல் கொடுக்கவும் ஓர் ஆள் இருந்திருப்பார். இப்போது கீசர் ஸ்விட்சும் பக்கெட்டும்தான். துக்கம் நீண்டு, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் அது மனச்சோர்வு, மருத்துவரிடம் காட்ட வேண்டும், குளியலில் தீராது. அந்த அளவுக்கு இல்லையென்றால், வாரம் ஒருநாள் நீங்கள் முதுகு தேய்த்துவிடுங்கள். ஆண்பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், முதல் இரண்டு வாரம்தான். என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேசாததையெல்லாம், குப்புறப் படுத்து நான் முதுகை நீவும்போது பேசியிருக்கிறார்கள்.

ஒகேனக்கல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் பெரியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாள், வெயில் ஏறும் முன்னால். மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், யோசனை சொன்னவர் அவர்தானே. அப்பாவைவிட அவர்தான் அதிகம் பேசுவார் என்று நினைக்கிறேன், பேசட்டும். துண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்: துவட்ட ஒன்று, தோளில் போர்த்த ஒன்று, எண்ணெய் வழிந்த பாறையில் கால் வைக்குமிடத்தில் விரிக்க ஒன்று.